ஆழ உழுதவர்



இந்த இதழின் மெய்ப்புத் தாள்களை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு நேற்று இரவு உட்கார்ந்திருந்தேன். சிவப்புப் பேனாவால் ஒரே சொல்லை ஏழு இடங்களில் அடிக்க வேண்டியிருந்தது. ‘மாபெரும் கலைஞர்.’ ஒரு பாடகருக்கு, இரண்டு நடிகர்களுக்கு, ஓர் ஓவியருக்கு, ஓர் ஒளிப்பதிவாளருக்கு, மறைந்த ஒரு நாடகக்காரருக்கு, போன வருடம்தான் முதல் மேடை ஏறிய ஓர் இளைஞருக்கு. எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பிரியத்தில் கை தானாக எழுதிவிடுகிறது. ஆனாலும் ஓர் இதழில் ஏழு பேருக்குக் கொடுத்தால் அந்தச் சொல் எதையும் தாங்காது.

எங்கள் உதவி ஆசிரியை, வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, திருத்திய தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஏழையும் அடிச்சிட்டீங்களே சார். அப்போ யாருக்குத்தான் இந்த வார்த்தையைக் குடுப்பீங்க?” என்றார்.

குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “காலையில சொல்றேம்மா” என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகும் கேள்வி அறையிலேயே இருந்தது. ஆசிரியர் பக்கம் எப்போதும் கடைசியாகத்தான் அச்சுக்குப் போகும். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடமும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு திரைப்படக் கழகத்தில் சத்யஜித் ராயின் ‘பாலா’ என்ற ஆவணப்படத்தைத் திரையிட்டார்கள். 1976-இல் எடுத்தது, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நடனக் கலைஞர் த. பாலசரஸ்வதியைப் பற்றிய படம். அன்று அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குப் பரதநாட்டியம் தெரியாது. கோயில் திருவிழாவில் கரகம் பார்த்திருக்கிறார், கூத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

படத்தில் ஒரு கடற்கரைக் காட்சி வரும். பின்னால் அலை. காற்று பலமாக வீசுகிறது. புடவைத் தலைப்பு ஒரு பக்கம் பறக்கிறது, இழுக்கிறது, காலைச் சுற்றிக்கொள்ளப் பார்க்கிறது. பாலசரஸ்வதிக்கு அப்போது 58 வயது. உடம்பு கனத்திருந்தது. நாட்டியம் என்றால் ஒல்லியான இடுப்பும் எகிறும் காலும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் போன்றவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாடலை ஆடுகிறார். யமுனா கல்யாணி ராகத்தில் வியாசராயர் செய்த கன்னடப் பாட்டு. ஒரு தாய் தன் குழந்தையைச் சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறாள், அதுதான் சங்கதி. கூப்பிடுகிறார். மறுபடி கூப்பிடுகிறார். கொஞ்சலாக, பொய்க்கோபமாக, அலுத்துப்போய், பிறகு அலுப்பே இல்லாதது போல. காற்றோடு அவர் சண்டை போடவில்லை. காற்று வீசுவதே அவருக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றியது.

விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். காமிரா வைத்த கோணம் சரியா, கடற்கரைக்குப் போயிருக்க வேண்டுமா, உள்ளரங்கிலேயே எடுத்திருக்கலாமே என்றெல்லாம். அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. என் கையைப் பிடித்து, “அந்தப் புள்ள கடசீல வந்துச்சா, வல்லியா?” என்று கேட்டார்.

கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. முத்திரை எதுவும் தெரியாது. யார் ஆடினார்கள் என்பதுகூட அம்மாவின் மனதில் பதியவில்லை. அலைக்கு அருகில் ஒரு குழந்தை நின்றது. அதை ஒரு தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அது கிட்ட வந்து சேர்ந்ததா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவிலும் ஒருமுறை கேட்டார்.

பிறகு எத்தனையோ மேடைகள் பார்த்துவிட்டேன். கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். ‘என்ன ஜதி, என்ன வேகம், என்ன குரல்’ என்று வியந்துகொண்டு வெளியே வந்திருக்கிறேன். அப்படி வியக்கும்போது என் மனதில் இருப்பவர் அந்தக் கலைஞர். அம்மாவின் மனதில் கலைஞர் இல்லை, குழந்தை இருந்தது. அம்மா கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிற ஆட்டம் என் ஆயுளில் நாலைந்துதான் வாய்த்திருக்கிறது.

அது எப்படிக் கைகூடுகிறது என்று புரிந்துகொள்ளப் பாலசரஸ்வதியின் வீட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

அவர் 1918-இல் சென்னையில் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள். தனம்மாளின் பெயரைச் சங்கீத உலகம் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். சபா கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. வீணையை மீட்டுவதற்கு விரலில் கவசம் மாட்டிக்கொள்ள மாட்டார்; வெறும் விரல் நுனி. அதனால் நாதம் மிக மெல்லியதாக எழும். கேட்க வந்த பெரிய வித்வான்களும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் வந்தால் வாசிப்பு நின்றுவிடும். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை போயிற்று. பணக் கஷ்டம் எப்போதும் இருந்தது. 1938-இல் மறையும் வரை அந்த வீட்டில் செல்வம் என்று இருந்தது சங்கீதம் ஒன்றுதான்.

மகள் ஜெயம்மாள் நல்ல பாடகி. ஜெயம்மாளின் பிள்ளைகள் மூன்று பேரைச் சொன்னாலே போதும்: ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல், பாலசரஸ்வதி நாட்டியம். சித்தி பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடினால் கேட்பதற்கென்றே பாடகர்கள் வருவார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை நாட்டியத்துக்கு வந்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளைப் பார்த்துத்தான் அந்த ஆசை பிடித்தது. சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். தேவதாசிக் குலம் என்றாலே ஊர் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஜெயம்மாள் பின்வாங்கவில்லை. நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வரின் வழியில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் பெண்ணை ஒப்படைத்தார். 1925-இல் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேற்றம். வயது 7.

கந்தப்பப் பிள்ளை கண்டிப்பானவர். ஓர் அடவு சுத்தமாகும்வரை அடுத்ததற்குப் போக விடாத ஆசான். ஆனால் பாலசரஸ்வதியை நினைக்கும்போது என் மனம் அடவோடு நிற்பதில்லை. அவருடைய பாட்டுக்குப் போய்விடுகிறது. அவர் ஆடிக்கொண்டே பாடுவார். அம்மா ஜெயம்மாள் பாட, தானும் சேர்ந்து பாடுவார். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று அவரிடம் இல்லை. ராகம் எங்கே வளைகிறதோ அங்கே கழுத்து வளைந்தது. சங்கதி எங்கே நின்றதோ அங்கே பார்வை நின்றது. பாட்டியின் வீணையைத் தொட்டிலில் கிடந்தபோதே கேட்டவருக்கு இதைத் தனியாக யாரும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது.

அபிநயத்துக்கு இன்னும் சிலரிடம் போனார். கௌரி அம்மாளிடம் கற்றார். சின்னய்ய நாயுடுவிடம் கற்றார். குச்சிப்புடியிலிருந்து வந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியிடமும் கற்றார். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்கூட்டி எதுவும் தீர்மானிக்காமல், அந்த நேரத்தில் மனதில் எழுவதை விதவிதமாக ஆடிக்கொண்டே போகும் வித்தையில் சாஸ்திரி கைதேர்ந்தவர். பாடகர் நிரவல் செய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி மாறாது, ஆடுவது மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைக்கு ஒரு புதிய நாட்டிய நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் வந்தால் முதலில் கண்ணில் படுவது ‘புதிய கருப்பொருள்’ என்பதுதான். போன வருடம் நதி, இந்த வருடம் காடு, அடுத்த வருடம் விண்வெளி. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்லதாகவும் சில பார்த்திருக்கிறேன். ஆனால் பாலசரஸ்வதி எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அவருக்கு முன்னால் பல தலைமுறைகள் ஆடிய அதே வர்ணம், அதே பதம், அதே ஜாவளி. காதலன் வரவில்லை, தோழியிடம் சொல்கிறாள். அவ்வளவே விஷயம். அந்த ஒரு வரிக்குள் போய், ‘வரவில்லை’ என்பதைப் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நேற்று வராதது வேறு, இன்று வராதது வேறு. அவன் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும்போது கண் மட்டும் வாசலைப் பார்ப்பது இன்னும் வேறு.

எங்கள் தாத்தா விவசாயி. “அகல உழுவதைவிட ஆழ உழு” என்ற பழமொழியை வாழ்த்துச் சொல் மாதிரி எடுத்ததற்கெல்லாம் சொல்லுவார். சின்ன வயதில் அது படிப்பைப் பற்றிய அறிவுரை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வரப்பில் நின்றபோது கேட்டேன். அவர் விளக்கியது வயலைப் பற்றி. மேலாக உழுத நிலமும் ஆழ உழுத நிலமும் மழை பெய்கிற மாதத்தில் ஒரே பச்சையாகத்தான் இருக்கும். வழியே போகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. மழை மூன்று வாரம் தள்ளிப்போனால்தான் தெரியும். மேலாக உழுததில் வேர் இறங்க இடமில்லை, கட்டித் தரையில் முட்டி நின்றுவிடும், பயிர் சுருளும். ஆழ உழுததில் வேர் கீழே போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

பாலசரஸ்வதிக்கு மழை தள்ளிப்போனது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1934-இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டுக்கு வெளியே அதுதான் முதல்முறை. நடனக் கலைஞர் உதயசங்கர் அவர் ஆட்டத்தில் மயங்கினார். 1935-இல் அதே கல்கத்தாவில் 14 வயதுப் பையன் ஒருவன் அவர் ஆடுவதைப் பார்த்தான். அந்தப் பையன்தான் சத்யஜித் ராய். நாற்பது வருடம் அந்த ஆட்டத்தை மனதில் வைத்திருந்துதான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கந்தப்பப் பிள்ளை உதயசங்கரின் கலை மையத்தில் கற்பிக்க அல்மோராவுக்குப் போனார், 1941-இல் காலமானார். பாலசரஸ்வதிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கனத்தது. ஆடச் சொல்லி அழைப்பவர்கள் குறைந்தார்கள். வெளியே இன்னொரு பெரிய காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்கென்று பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் 1920-களிலேயே சட்டமன்றத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்த வழக்கத்தில் சிக்கிச் சீரழிந்த பெண்கள் உண்டு, சிறுமிகள் உண்டு. அவர்களுக்காகப் பேசியவர்களை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கத்தோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக ஒரு கலையைக் கையில் ஏந்திவந்த பெண்களின் மானமும் போயிற்று. அதே காலத்தில் நாட்டியம் வேறு வீடுகளுக்குப் போனது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடை ஏறினார். மறு வருடம் அவருடைய கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி பிறந்தது. நாட்டியத்துக்கு மரியாதை திரும்பிவந்தது. அதைப் பாதுகாத்துவந்தவர்களுக்குத் திரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் பாலசரஸ்வதி என்னை நெகிழவைக்கிறார். அப்போது அவருக்கு முன்னால் சுலபமான வழி ஒன்று இருந்தது. சிருங்காரம் வேண்டாம், அது அசிங்கம், பக்தியாக மாற்றிக்கொண்டு ஆடலாம் என்று பலரும் நம்பினார்கள். அவர் மறுத்தார். சிருங்காரம்தான் நாட்டியத்தின் உயிர், அதற்குள்தான் பக்தியும் இருக்கிறது, அசிங்கம் பார்க்கிறவர்களிடம் இருக்கிறதே தவிரப் பதத்தில் இல்லை என்ற பொருளில் கடைசிவரை வாதாடினார். கேட்க ஆளில்லாத வருடங்களில் இதைச் சொல்லிக்கொண்டிருக்க என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிவாதம் மட்டும் போதாது. பிடிவாதக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நாளாக நாளாகக் கசந்துபோய்விடுவார்கள். அவர் கசக்கவில்லை. அந்தப் பதங்களுக்குள் இருந்த ஈரம் அவருக்கு வேண்டிய அளவு இருந்தது.

மழை பிறகு வந்தது. 1955-இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1957-இல் பத்மபூஷண். 1961-இல் தோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ. மொழி தெரியாத ஊர்களில் என் அம்மாவைப் போன்ற எத்தனையோ பேர் அந்தக் குழந்தை வந்ததா என்று கேட்டிருப்பார்கள். 1973-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. அந்தப் பட்டம் ஒரு நாட்டியக் கலைஞருக்குப் போனது அதுதான் முதல்முறை. சங்கீதக்காரர்கள் ஆட்டக்காரரைத் தங்களில் ஒருவர் என்று ஏற்றுக்கொண்ட நாள் என்று அதை எடுத்துக்கொள்கிறேன். தனம்மாளின் பேத்திக்கு இதைவிடப் பொருத்தமான கௌரவம் கிடையாது.

1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றினார். பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலுக்குள் போவதோடு அதில் ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் சந்நிதிக்கு வந்துசேர்கிறோம். பிறகு பதம். வெளி ஆரவாரம் எல்லாம் அடங்கி, கருவறைக்குள் இருக்கிற குளிர்ச்சியும் அமைதியும் பதத்துக்கு உண்டு. தில்லானா கடைசியில் காட்டும் கற்பூர ஆரத்தி. அப்போது மணியும் மேளமும் சேர்ந்து ஒலிக்கும். அவர் சொன்னதன் சாரம் இது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது பதத்துக்கு அவர் கொடுத்த இடத்தைத்தான். பதம் மெதுவானது. கால் அதிகம் வேலை செய்யாது. கைதட்டல் விழ வேண்டிய இடம் என்று ஒன்று அதில் இருக்காது. கச்சேரியில் பார்வையாளர்கள் காப்பி குடிக்க எழுந்து போகிற நேரமும் அதுதான். கருவறை என்று அதைத்தான் சொன்னார். எல்லோரும் எழுந்து போகிற இடத்தில் தன் உயிரை வைத்திருந்தார்.

இதை எழுதும்போது பாடகர் எம். டி. ராமநாதனும் நினைவுக்கு வருகிறார். தடித்த, கீழ்ஸ்தாயியில் ஓடும் குரல். மற்றவர்கள் ஒரு பாட்டு முடிக்கிற நேரத்தில் இவர் பல்லவியில்தான் இருப்பார். எல்லோருக்கும் பிடித்த பாடகர் இல்லை. வேகம் கூட்டியிருந்தால் கூட்டமும் கூடியிருக்கலாம். கூட்டவில்லை. பாலசரஸ்வதி 1984 பிப்ரவரியில் மறைந்தார், ராமநாதன் அதே ஆண்டு ஏப்ரலில். ராமநாதன் பாடலை இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள்.

புகழ் பெற்றவர்களை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகளுக்கு அது பிடிக்குமோ என்னவோ. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் அர்த்தஜாமப் பூஜைக்குப் போனேன். சுவாமியைப் பள்ளியறைக்குக் கொண்டுபோகும் நேரம். குருக்கள் ஒருவர், காவல்காரர் ஒருவர், நான். தவில்காரர் அன்று வரவில்லை. நாதஸ்வரக்காரர் தூணோரம் நின்று நீலாம்பரி தொடங்கினார்.

நாலு மூச்சு வாசித்திருப்பார். நிறுத்தினார். ஊதும் முனையில் இருக்கும் சீவாளியைக் கழற்றினார். நாதஸ்வரத்தில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்த வேறொரு சீவாளியை எடுத்து வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டார். அதை விரலால் லேசாக அமுக்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசியால் நுனியைத் திறந்துவிட்டார். மாட்டி ஊதினார். பிடிக்கவில்லை. மறுபடி கழற்றினார். குருக்கள் தீபத்தோடு காத்திருந்தார். எதுவும் சொல்லவில்லை, இது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. மூன்றாவது சீவாளியில் சுருதி நின்றது. முதலிலிருந்து தொடங்கினார்.

முதலில் வாசித்ததற்கும் பிறகு வாசித்ததற்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காவல்காரருக்கும் தெரிந்திருக்காது. வாசிக்கிறவருக்குத் தெரிந்தது. மூன்று பேர் நின்ற பிரகாரத்தில், மாதச் சம்பளம் ஒரு மூட்டை அரிசிக்குக்கூடப் போதாத உத்தியோகத்தில், ஒரு ஸ்வரம் தன் இடத்தில் நிற்கவில்லை என்பதற்காக அவர் சுவாமியையே காக்கவைத்தார். வாசித்து முடித்தபோது பிரகாரத்தில் உண்மையாகவே யாரோ தூங்கப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. காலடிச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன்.

அந்தக் கோயிலில் இப்போது மின்சார மேளம். பொத்தானை அமுக்கினால் மணியும் முரசும் தானாக அடிக்கும்.

காலையில் உதவி ஆசிரியை வந்தார். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நாதஸ்வரக்காரர் வரும் இடத்தில் மெதுவாகப் படித்தார். அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டும் ஒரு முதியவர் இருக்கிறாராம். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் வேஷம் கலைத்துக்கொண்டிருக்கும்போது, கூத்துப் பார்த்த பெண்கள் அவரிடம் வந்து அழுதுவிட்டுப் போவார்களாம். ‘உனக்கு இப்படி ஆயிருச்சேம்மா’ என்று. அவரும் அரிதாரத்தைத் துடைக்காமல் அவர்களுக்குப் பதில் சொல்லுவாராம். “அவரைப் பத்தி எழுதட்டுமா சார்?” என்றார். எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த இதழில் வரும்.

உங்கள் ஊரிலும் இருப்பார்கள். வில்லுப்பாட்டுக்காரராக இருக்கலாம், சுதைச் சிற்பம் செய்கிறவராக இருக்கலாம், கோலம் போடுகிற பாட்டியாகக்கூட இருக்கலாம். விருதுப் பட்டியலும் மேடைக் கணக்கும் வேண்டாம். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே ஒரு தடவையை மட்டும் எழுதுங்கள். அவர் கை என்ன செய்தது, எதை அழித்துவிட்டுத் திரும்பச் செய்தார், நீங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது மனதில் என்ன இருந்தது. இரண்டு பக்கத்துக்குள் போதும். அலுவலக முகவரிக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொன்றையும் நானே படிப்பேன்.

உதவி ஆசிரியை போகும்போது வாசலில் திரும்பி, “சார், ஒண்ணு கேக்கலாமா? இவ்வளவு எழுதியிருக்கீங்க, பாலசரஸ்வதி பேருக்கு முன்னாடி அந்த வார்த்தையைப் போடவே இல்லையே? விட்டுப்போச்சா?” என்றார்.

தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஓரிடத்திலும் இல்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொன்னேன்.

அன்புடன்,
ஆசிரியர்